சுண்ணாம்பு தெறித்த கண் மீளுமா?

கண் தானம் பற்றிச் சென்ற இதழில் நான் எழுதிய நாலு வரிக்கு இவ்வளவு கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைக் கேட்கின்றன: ஸ்டெம் செல், அதாவது புதுச் செல்களை உண்டாக்கிக்கொண்டே இருக்கும் மூலச் செல், அதை வைத்துக் கருவிழியைச் சரிசெய்ய முடியுமா? சர்க்கரை, ரத்த அழுத்தக் கேள்விகள் அனுப்பியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த முறை முழுக்கக் கண்தான்.

என் கணவர் பெயின்டர். பொங்கலுக்கு முன்னால் ஒரு வீட்டில் வெள்ளையடிக்கும்போது சுண்ணாம்பு வலது கண்ணில் தெறித்துவிட்டது. இப்போது அந்தக் கண் வெளுத்துச் சிவந்து, பூ விழுந்த மாதிரி இருக்கிறது. கையை ஆட்டினால் மட்டும் தெரிகிறது. நல்ல கண்ணிலிருந்து துளி எடுத்து ஸ்டெம் செல் சிகிச்சை செய்யலாம் என்கிறார்கள். கண் தானத்தில் வரும் கண்ணை வைத்தால் போதாதா? இருக்கிற ஒரு கண்ணிலும் ஏன் கை வைக்க வேண்டும்?
வாசகி, அருப்புக்கோட்டை

இதே கேள்வியை 1993-ல் யாராவது என்னிடம் கேட்டிருந்தால், "தானமாக வரும் கண்ணை வைத்தால் போதும்" என்றுதான் சொல்லியிருப்பேன் அம்மா. அப்படிச் சொல்லித்தான் ஒரு கொத்தனாருக்கு அறுவைச் சிகிச்சை செய்தோம். நாற்பது வயது இருக்கும் அவருக்கு. சுண்ணாம்புக் கல்லைக் குழியில் போட்டு நீற்றும்போது இடது கண்ணில் தெறித்துவிட்டது. நான் அப்போது அரசு மருத்துவமனை ஒன்றின் கண் பிரிவில் இளைய மருத்துவர். தானமாக வந்த கருவிழியை எங்கள் தலைமை மருத்துவர் அத்தனை அழகாகத் தைத்தார். கட்டைப் பிரித்த அன்று அந்த மனிதர் என் கழுத்திலிருந்த ஸ்டெதஸ்கோப்பின் நிறத்தைச் சொன்னார். இரண்டு மாதத்தில் கருவிழி மங்கத் தொடங்கியது. விளிம்பிலிருந்து ரத்தக் குழாய்கள் கொடி மாதிரி உள்ளே ஏறின. அடுத்த வருடம் இன்னொரு கருவிழி வைத்தோம். அதுவும் அப்படியே போனது. கடைசியாக வந்தபோது அவர் சொன்னார்: "இன்னொருத்தர் குடுத்துட்டுப் போன கண்ண ரெண்டு தடவ பாழாக்கிட்டேனே, டாக்டரம்மா."

பாழாக்கியது அவர் இல்லை. எங்களுக்குத் தெரிய வேண்டியது தெரிந்திருக்கவில்லை.

கருவிழி என்று நாம் சொல்வது கண்ணுக்கு முன்னால் இருக்கும் கண்ணாடி போன்ற பகுதி. நடுவில் அரை மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும். ஒரு ரத்தக் குழாய்கூடக் கிடையாது, அதனால்தான் அவ்வளவு தெளிவு. அதன் மேல்தோல் தேய்ந்து தேய்ந்து உதிரும், புதுச் செல்கள் அந்த இடத்துக்கு வந்துகொண்டே இருக்கும். ஒரு வாரம் பத்து நாளில் மேல்தோல் மொத்தமும் புதிதாகிவிடும். இந்தப் புதுச் செல்கள் பிறப்பது கருவிழியின் நடுவில் இல்லை. கருவிழியும் வெள்ளைவிழியும் சேரும் இடத்தில் வளையம் போல ஒரு விளிம்பு இருக்கிறதே, அங்கே. அதை லிம்பஸ் என்போம். ஸ்டெம் செல்கள் குடியிருப்பது அந்த வளையத்தில்தான். அங்கே பிறந்து நடுவை நோக்கி நகர்ந்து வருகின்றன.

சுண்ணாம்பு அந்த வளையத்தை எரித்துவிடுகிறது. வளையம் போனால் புதுத்தோல் வராது. அப்போது வெள்ளைவிழியின் மேல் இருக்கும் ஜவ்வு, தடுக்க ஆள் இல்லாத வேலியைத் தாண்டும் ஆடு மாதிரி, தன் ரத்தக் குழாய்களோடு கருவிழிக்குள் நுழைந்துவிடுகிறது. உங்கள் கணவர் கண்ணில் வெளுப்பும் சிவப்புமாகத் தெரிவது அதுதான்.

இப்போது தானக் கண்ணுக்கு வருவோம். அதிலிருந்து நாங்கள் வெட்டி எடுப்பது நடுப்பகுதியில் ஏழு எட்டு மில்லிமீட்டர் வட்டம். அந்த வட்டத்தில் லிம்பஸ் கிடையாது. கூட வந்த மேல்தோல் கொஞ்ச நாளில் உதிரும். பிறகு அந்த இடத்தை நிரப்ப யார் இருக்கிறார்கள்? கொத்தனாருக்கு நடந்தது இதுதான். லிம்பஸ் திசுவையே மாற்றி வைக்கலாம் என்று கென்யன், செங் என்ற இரண்டு மருத்துவர்கள் அமெரிக்காவில் 1989-லேயே எழுதிவிட்டார்கள். அந்தக் கட்டுரை எங்கள் வார்டுக்கு வந்து சேரவில்லை. இதை எழுதும்போதும் மனது கனக்கிறது.

சரி, நல்ல கண்ணிலிருந்து எவ்வளவு எடுப்பார்கள்? ஆரம்ப காலத்து முறையில் விளிம்பில் நீளமான துண்டுகள் எடுக்க வேண்டியிருந்தது. உங்களைப் போலவே அன்றைக்கு டாக்டர்களும் நல்ல கண்ணை நினைத்துப் பயந்தார்கள். 1997-ல் இத்தாலியில் கிராசியெல்லா பெல்லெக்ரினியும் மிகேலே தெ லூக்காவும் ஒரு வழி கண்டார்கள். ஓரிரு சதுர மில்லிமீட்டர் மட்டும் எடுத்து, ஆய்வகத்தில் படலமாக வளர்த்து, கெட்ட கண்ணில் ஒட்டினார்கள். அவர்கள் குழு 2010-ல் 112 நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டது. நூற்றுக்கு 76 பேருக்கு மேல் கருவிழி நிலையாகத் தெளிந்திருந்தது. 2015-ல் ஐரோப்பா அதை 'ஹோலோக்ளார்' என்ற பெயரில் மருந்தாகவே அங்கீகரித்தது. ஸ்டெம் செல் வைத்துச் செய்த ஒன்று அங்கே அப்படி அங்கீகாரம் பெற்றது அதுதான் முதல் தடவை.

ஆனால் அதற்குத் தூசு புகாத ஆய்வகம் வேண்டும், செல் வளர்க்கத் தெரிந்தவர்கள் வேண்டும், எக்கச்சக்கமாகப் பணம் வேண்டும். ஹைதராபாத்தில் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனையில் 2001-லிருந்து இப்படி வளர்த்து வைத்துக்கொண்டிருந்தார்கள். 200 கண்களின் முடிவை 2011-ல் வெளியிட்டார்கள். நூற்றுக்கு 71 கண்களில் பலன். அந்த அனுபவத்திலிருந்துதான் வீரேந்தர் சங்வான், சயன் பாசு முதலிய மருத்துவர்களுக்கு எளிமையான ஒரு யோசனை வந்தது. செல்லை எதற்கு வெளியே வளர்க்க வேண்டும்? கண்ணிலேயே வளரட்டுமே.

உங்கள் கணவருக்குச் சொல்லியிருப்பது அநேகமாக இந்த முறைதான். 'ஸ்லெட்' என்பார்கள். நல்ல கண்ணின் விளிம்பில் இரண்டுக்கு இரண்டு மில்லிமீட்டர், ஒரு எள்ளைவிடப் பெரிதில்லாத அளவு, எடுப்பார்கள். கெட்ட கண்ணின் மேல் படர்ந்த ஜவ்வை உரித்துச் சுத்தம் செய்வார்கள். அதன்மேல் பனிக்குடப் படலத்தை விரித்து ஃபைப்ரின் பசையால் ஒட்டுவார்கள். சிசேரியன் செய்துகொண்ட தாய்மார் சம்மதித்துக் கொடுக்கும் நஞ்சுக்கொடியிலிருந்து, நோய்க் கிருமி இல்லை என்று சோதித்து எடுத்த படலம் அது. பிறகு அந்த எள்ளளவு துண்டை எட்டுப் பத்துத் துணுக்குகளாக நறுக்கி, பார்வைக்கு நேரான நடு இடத்தை விட்டுவிட்டு, சுற்றிலும் இடைவெளி விட்டு வைப்பார்கள். மேலே ஒரு கான்டாக்ட் லென்ஸ். ஒவ்வொரு துணுக்கிலிருந்தும் செல்கள் பரவி ஒன்றோடு ஒன்று சேர்ந்து, இரண்டு வாரம் போல ஆகும்போது கருவிழியை மூடிவிடும். ஒரே தடவை அறுவை, ஆய்வகம் வேண்டாம்.

முதலில் 6 நோயாளிகளின் முடிவை 2012-ல் வெளியிட்டார்கள். அடுத்த வருடம் ஒரு மருத்துவ மாநாட்டில் அதன் வீடியோவை நான் பார்த்தேன். அரங்கை விட்டு வெளியே வந்து மாடிப்படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன். பிறகு என்னிடம் நோயாளியாக வந்த ஒரு பையனை நானே ஹைதராபாத்துக்கு அனுப்பிவைத்தேன். எப்படிச் செய்வார்கள் என்று அவன் அப்பாவுக்குப் படம் வரைந்து காட்டியபோது, "அப்ப நாத்து நடுற மாதிரிங்களாம்மா?" என்றார். அதற்குமேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

2016-ல் 125 பேரின் முடிவு வந்தது. நூற்றுக்கு 76 பேருக்குக் கருவிழி நிலையாகத் தெளிந்தது. இந்த எண்ணைக் கொஞ்சம் கவனமாகப் பாருங்கள். கருவிழியின் மேல்தோல் சரியாகி, ரத்தக் குழாய் ஏறாமல் நின்றது என்பதுதான் இதற்கு அர்த்தம். அத்தனை பேருக்கும் முழுப் பார்வை வந்தது என்று இல்லை. சுண்ணாம்பு ஆழமாக இறங்கியிருந்தால் உள்ளே தழும்பு இருக்கும், அதற்கு அப்புறம் தானக் கருவிழி தேவைப்படலாம். ஆனால் இந்தத் தடவை வைக்கிற கருவிழி நிற்பதற்கு வழி இருக்கிறது, ஏனென்றால் மேல்தோல் கொடுக்க ஆள் வந்துவிட்டது.

நீங்கள் டாக்டரிடம் கேட்க வேண்டியது: கண்ணில் வீக்கமும் எரிச்சலும் அடங்கிவிட்டதா, இமை விழியோடு ஒட்டியிருக்கிறதா, கண்ணீர் போதுமான அளவு சுரக்கிறதா. வீக்கம் அடங்கப் பல மாதங்கள் ஆகலாம், அவசரப்பட்டு நட்டால் பிடிக்காது. இமை ஒட்டியிருந்தால் அதையும் சரிசெய்தாக வேண்டும்.

ஸ்லெட் செய்த பிறகு துண்டு எடுத்த நல்ல கண்ணுக்கு ஆபத்து வருமா? என் தம்பிக்குச் சொல்லியிருக்கிறார்கள்.
வாசகர், திண்டுக்கல்

அந்த இடம் சில நாளில் ஆறிவிடும். வளையம் முழுக்க ஸ்டெம் செல்கள் இருப்பதால், அந்த வளையத்தைக் கடிகார முகமாக நினைத்துக்கொண்டால் ஒரு மணிக்கான இடம் போனால் கண் அதைத் தாங்கும். ஒரு நிபந்தனை: அந்தக் கண் உண்மையிலேயே நல்ல கண்ணாக இருக்க வேண்டும். தம்பிக்கு விபத்து நடந்தபோது இரண்டு கண்ணிலும் கொஞ்சம் தெறித்திருக்குமோ என்று விளக்கில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். லேசாகப் பட்ட கண்ணிலிருந்து எடுப்பதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

என் மகளுக்கு 22 வயது. வலிப்புக்கு மாத்திரை சாப்பிட்டு ஒவ்வாமையாகி, உடம்பெல்லாம் கொப்பளித்து, பிழைத்து வந்ததே பெரிய காரியம். இப்போது இரண்டு கண்ணும் வறண்டு மூடிக்கொண்டு வருகிறது. எடுக்க நல்ல கண்ணே இல்லையே, டாக்டரம்மா. ஜப்பானில் செயற்கை ஸ்டெம் செல் வந்துவிட்டது என்கிறார்களே?
வாசகி, நாகர்கோவில்

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அதில் நோயின் பெயர் இல்லை. ஆனால் நீங்கள் விவரித்திருப்பது ஸ்டீவன்ஸ்-ஜான்சன் என்ற நோய் போலத்தான் தெரிகிறது. அதில் கெடுவது லிம்பஸ் மட்டும் இல்லை. கண்ணீர்ச் சுரப்பும் இமை ஓரமும் சேர்ந்து கெடுகின்றன. இமையின் உள்ஓரம் சொரசொரப்பாகி ஒவ்வொரு தடவை கண் சிமிட்டும்போதும் கருவிழியை உராய்ந்துகொண்டே இருக்கும். அதைச் சரிசெய்யாமல் எந்த ஸ்டெம் செல்லை வைத்தாலும் நிற்காது. முதலில் உதட்டின் உள்தோலை எடுத்து இமை ஓரத்தில் வைத்துத் தைப்பது, அப்புறம் ஸ்கிளீரல் லென்ஸ் என்ற பெரிய லென்ஸ் போடுவது. இந்த இரண்டிலேயே நிறையப் பிள்ளைகள் வெளிச்சத்தைப் பார்க்க முடியாத நிலையிலிருந்து படிக்கப் போகிற நிலைக்கு வருகிறார்கள். உங்களுக்கு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது, கொஞ்சம் தூரம் என்றாலும் சென்னை சங்கர நேத்ராலயாவும் இருக்கிறது. கருவிழிப் பிரிவு என்று கேட்டுப் போங்கள்.

ஜப்பான் விஷயம் உண்மைதான். ஒசாகா பல்கலைக்கழகத்தில் கோஜி நிஷிதா என்ற மருத்துவர், நோயாளியின் வாயின் உள்தோலைப் படலமாக வளர்த்துக் கருவிழியில் வைத்ததை 2004-லேயே காட்டினார். பிறகு அதையும் தாண்டினார். உடம்பின் சாதாரணச் செல்லைப் பின்னோக்கித் திருப்பி, எந்தச் செல்லாகவும் மாறக்கூடிய நிலைக்குக் கொண்டுபோகலாம் என்று 2006-ல் ஷின்யா யமனாகா கண்டுபிடித்தார், 2012-ல் நோபல் வாங்கினார். ஐபிஎஸ் செல் என்பார்கள். அதிலிருந்து கருவிழித் தோலை வளர்த்து நிஷிதா 2019-ல் முதல் நோயாளிக்கு வைத்தார். நான்கு பேரின் முடிவு 2024 கடைசியில் வந்தது. மூவருக்குப் பார்வையில் நல்ல முன்னேற்றம், அது ஒரு வருடத்துக்கு மேல் நின்றது. நான்காமவருக்கு வந்த முன்னேற்றம் நிலைக்கவில்லை. அந்த நால்வரில் ஒருவருக்கு உங்கள் மகளுக்கு வந்ததைப் போன்ற மருந்து ஒவ்வாமைதான் காரணம் என்பதால் உங்களுக்கு இதைச் சொல்கிறேன்.

ஆனாலும் நாலே பேர். இது வரும் வரும் என்று மகள் வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டாம், அம்மா. இமையும் வறட்சியும் இப்போதே கவனிக்க வேண்டியவை. அவற்றைக் காப்பாற்றி வைத்தால்தான் நாளைக்கு எது வந்தாலும் அவளுக்குப் பயன்படும். நெருங்கிய உறவினர் கண்ணிலிருந்து எடுத்து வைக்கும் வழியும் இருக்கிறது. அதற்கு உடல் எதிர்க்காமல் இருக்க நீண்ட காலம் வீரியமான மாத்திரைகள் சாப்பிட வேண்டும். இவளுக்கு ஏற்கெனவே மருந்து ஒவ்வாமை வந்திருப்பதால் எடுத்த எடுப்பில் அந்தப் பக்கம் போகச் சொல்ல மாட்டேன். ஒவ்வாமை தந்த மாத்திரையின் பெயரை ஒரு அட்டையில் எழுதி அவள் பர்ஸில் எப்போதும் வைத்திருங்கள்.

எனக்கு வயதானதால் வரும் விழித்திரைத் தேய்வு. இடுப்புக் கொழுப்பிலிருந்து ஸ்டெம் செல் எடுத்துக் கண்ணில் ஊசி போட்டால் பார்வை வரும் என்று ஒரு கிளினிக் விளம்பரம் பார்த்தேன். பென்ஷன் பணம் இருக்கிறது. போகலாமா?
ஓய்வுபெற்ற ஆசிரியர், ஈரோடு

போகாதீர்கள் ஐயா. இதில் எனக்கு யோசனையே தேவையில்லை. அமெரிக்காவில் ஃபுளோரிடாவில் ஒரு கிளினிக்கில் இதே சிகிச்சையைப் பணம் கட்டிச் செய்துகொண்ட மூன்று பெண்களைப் பற்றி 2017-ல் டாக்டர்கள் எழுதினார்கள். மூவருக்கும் உங்கள் நோய்தான். 72-லிருந்து 88 வரை வயது. வயிற்றுக் கொழுப்பிலிருந்து எடுத்த செல்லை இரண்டு கண்ணிலும் ஒரே நாளில் ஊசியாகப் போட்டார்கள். மூவருக்கும் பார்வை பயங்கரமாகக் கெட்டது, ஒருவருக்கு வெளிச்சம்கூடத் தெரியாமல் போனது. கொஞ்சநஞ்சம் இருந்த பார்வையோடு நடந்து உள்ளே போனவர்கள் அவர்கள்.

கருவிழி விளிம்புச் செல் கருவிழித் தோலாக மாறுகிறது, ஏனென்றால் பிறந்தது முதல் அதன் வேலையே அது. இடுப்புக் கொழுப்பில் இருக்கும் செல்லுக்கு விழித்திரை வேலை தெரியாது. 'ஸ்டெம் செல்' என்ற பெயர் பொது என்பதற்காக இரண்டும் ஒன்றாகிவிடாது. அப்புறம், ஆராய்ச்சியாக நடக்கும் சிகிச்சைக்கு நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. விளம்பரம் செய்து பணம் கேட்கிறார்கள் என்றாலே எழுந்து வந்துவிடுங்கள். உங்கள் நோயில் ஈர வகை என்று ஒன்று உண்டு, அதற்கு நிரூபணமான ஊசி இருக்கிறது. எந்த வகை என்று நல்ல விழித்திரை மருத்துவரிடம் கேளுங்கள்.

ஸ்டெம் செல் வந்துவிட்டால் கண் தானம் தேவையில்லையா?
கல்லூரி மாணவி, காரைக்குடி

தேவை, மகளே. வயலில் நெல்தாள் குத்திப் பூஞ்சை பிடித்துப் புண்ணாகி ஓட்டை விழுகிற கண்ணுக்கு, அன்றைக்கே ஒரு கருவிழி வேண்டும். கூம்பாகப் புடைக்கிற கருவிழிக்கும், உள்தழும்புக்கும் தானம்தான். 1905-ல் எட்வார்ட் சிர்ம் முதன்முதலில் வெற்றிகரமாகக் கருவிழி மாற்றியபோது எதிரே படுத்திருந்தவரும் சுண்ணாம்பால் கண் போன ஒரு தொழிலாளிதான். ஒரு கண் அவருக்குத் தெளிவாகவே நின்றது. வளையத்தில் கொஞ்சம் உயிர் மிச்சமிருந்திருக்கும் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

இன்னொன்றும் சொல்கிறேன். கருவிழியின் உட்புறம் நீரை இறைத்து வெளியேற்றும் ஒரு செல் அடுக்கு இருக்கிறது. கியோத்தோவில் ஷிகேரு கினோஷிதா குழு, தானக் கண்ணின் அந்தச் செல்களை வளர்த்துப் பெருக்கி 11 நோயாளிகளின் கண்ணில் ஊசி வழியாகச் செலுத்தியது. 2018-ல் முடிவு வெளிவந்தது, 2023-ல் ஜப்பான் அங்கீகரித்தது. அந்தக் கதையும் தானமாக வந்த ஒரு கண்ணிலிருந்துதான் தொடங்குகிறது. இறந்து ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். மின்விசிறியை நிறுத்தி, இமையை மூடி, ஈரப் பஞ்சை வைத்து, கண் வங்கிக்கு உடனே போன் செய்யுங்கள்.

பேரனுக்கு மூன்று வயது. என் வெற்றிலைச் சுண்ணாம்புப் பாக்கெட்டை எடுத்து அமுக்கிவிட்டான், கண்ணில் பீய்ச்சி அடித்துவிட்டது. சுண்ணாம்பில் தண்ணீர் பட்டால் கொதிக்கும் என்று தண்ணீர் விடாமல் விளக்கெண்ணெய் விட்டுத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் திட்டினார். குழந்தைக்கு இப்போது பரவாயில்லை. நான் செய்தது தப்பா?
வாசகி, கும்பகோணம்

இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், சுண்ணாம்பு பட்ட கண்ணுக்காக மேலே எழுதிய எல்லாச் சிகிச்சையையும் தேவையில்லாமல் ஆக்கிவிடக்கூடியது இந்த முதலுதவி ஒன்றுதான். ஹைதராபாத்தில் ஸ்லெட் செய்துகொண்ட அந்த 125 பேரில் 60 பேர் குழந்தைகள். குழந்தை கையில் வெடிக்கும் சுண்ணாம்புப் பாக்கெட் நம் நாட்டுக் கண் டாக்டர்கள் எல்லோருக்கும் தெரிந்த எதிரி.

கல்லாக இருக்கும் சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் கொதிக்கும், நீங்கள் சொல்வது சரி. ஆனால் பாக்கெட்டில் இருப்பது ஏற்கெனவே நீற்றிய சுண்ணாம்பு. அதன் கொதிப்பெல்லாம் முன்பே அடங்கிவிட்டது. அது கண்ணைச் சுடுவது சூட்டால் இல்லை, காரத்தால். அமிலம் பட்டால் மேலே இருக்கும் புரதம் உறைந்து ஓரளவு தடுப்பு போட்டுவிடும். காரம் அப்படி நிற்காது, செல்லின் கொழுப்பைச் சோப்பாக்கிக்கொண்டே உள்ளே இறங்கும். எண்ணெய் விட்டால் சுண்ணாம்பு அப்படியே உள்ளே ஒட்டிக்கொள்ளும்.

அதனால் தண்ணீர்தான். அதே நிமிடம், அதே இடத்தில். குழாய்த் தண்ணீர் போதும், குடத்துத் தண்ணீர் போதும். குழந்தையை ஒருவர் மடியில் இறுக்கிப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் இமையை விரித்துப் பிடித்து, மூக்குப் பக்கத்திலிருந்து காதுப் பக்கமாகத் தண்ணீர் ஓடவிட வேண்டும். நல்ல கண்ணுக்குள் போகக் கூடாது. கட்டியாகத் தெரியும் சுண்ணாம்பை ஈரத் துணி நுனியால் எடுத்துவிடுங்கள். அவன் கத்தினாலும் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் ஊற்றுங்கள், அரை மணி என்றால் இன்னும் நல்லது. அதற்குப் பிறகுதான் ஆட்டோ. மேலிமைக்குள் துணுக்கு ஒளிந்துகொண்டு மணிக்கணக்காக எரிக்கும். டாக்டரிடம் இமையைப் புரட்டி எடுத்தீர்களா என்று கேளுங்கள், கேட்கத் தயங்காதீர்கள்.

உங்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. என் பாட்டியும் விளக்கெண்ணெய்தான் விட்டிருப்பாள். பேரனுக்குப் பரவாயில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், இருந்தாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு வருடம் வரைக்கும் கண் டாக்டரிடம் காட்டுங்கள். கருவிழி ஓரத்தில் சிவப்பாக நூல் மாதிரி ஏதாவது ஏறுகிறதா என்று பகல் வெளிச்சத்தில் நீங்களும் பாருங்கள். பாக்கெட் வாங்குவதை இன்றோடு விடுங்கள். மூடி இறுக்கமான சின்னப் பித்தளைச் சுண்ணாம்பு டப்பா கும்பகோணத்தில் கிடைக்காமலா போய்விடும்? அதை வாங்கி, அவன் நாற்காலி போட்டு ஏறினாலும் கை எட்டாத பரணில் வையுங்கள்.